உங்கள் பக்கத்துக்கு சுற்றுலா சரிப்பட்டு வருமா? பார்க்கும் முறை

ஊரில் பழைய கோயிலும் ஒரு கண்மாயும் இருந்தால் போதும், சுற்றுலாத் தலமாக்கச் சொல்லி மனு எழுதிவிடுகிறோம். அதற்கு முன்னால் இரண்டு கணக்குப் போடுங்கள்: வருகிறவர் நம்மிடம் எத்தனை மணி நேரம் இருப்பார், அந்த நேரத்தில் யார் கைக்குக் காசு போகும். எங்கள் சிவகங்கை மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

பிள்ளையார்பட்டியில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை, ஆனால் பலர் கும்பிட்ட கையோடு அடுத்த கோயிலுக்கு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். தரையில் பதிக்கும் பூக்கல்லைக் கையாலேயே செய்யும் ஆத்தங்குடி அப்படி இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கும்போது பூ அப்படியே நிற்கும். அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இதைப் பார்க்க நின்றவர் லேசில் கிளம்பமாட்டார், நாலு கல் வாங்கவும் தோன்றும். உங்கள் ஊரில் இப்படிக் கை வேலை எது என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது மாதக் கணக்கு. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை தங்கும், அதுவும் மழைக்காலத்தை ஒட்டி. ஆகவே மழை பொய்த்த வருஷத்தில் என்ன காட்டுவோம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு நாள் நீங்களே நடந்து பாருங்கள். பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, சாயங்காலத்துக்கு மேல் சாப்பாடு கிடைக்குமா? பல ஊர்கள் இங்கேதான் தோற்கின்றன.

கானாடுகாத்தான் மாதிரி பெரிய வீடுகள் இருந்தால் ஆசைப்படுவதற்கு முன்னால் உரிமையைக் கேளுங்கள். ஒரே வீடு பல பங்காளிகளுக்குப் பாத்தியமாக இருக்கும், சாவி வைத்திருப்பவர் சரி என்றால் மட்டும் போதாது.

கடைசியாக, ஊர் சம்மதம். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அவர்களிடம் கேட்காமல் அங்கே ஒலிபெருக்கியும் படகும் கொண்டுவந்தால் அது பெரிய அநியாயம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஏதாவது ஒன்றில் உங்கள் நோட்டைப் படித்துக் காட்டுங்கள். பெண்கள் சொல்வதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவில் எப்போது நின்றுபோகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.