போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தொலைபேசிவழி மனநல ஆலோசனை: சங்கக் கிளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் வேலை செய்யும் ஓட்டுநரோ நடத்துநரோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தாலும், அந்த முடிவை நிறைவேற்றுவது எளிதாக இருப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் இயங்குகிறது. அந்த நேரத்தில் அவர் வண்டியில் இருப்பார், அல்லது நைட் ஹால்ட் (வண்டியோடு வெளியூரில் இரவு தங்குவது) முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருப்பார். விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுப்புக் கிடைத்துப் போனாலும், அதே ஊரில் தினமும் அவரைப் பார்க்கும் பயணிகளும் உடன் வேலை செய்கிறவர்களும் அந்த வரிசையில் அவரைப் பார்த்துவிடக்கூடும். தொலைபேசி வழியாகவோ காணொலி வழியாகவோ கிடைக்கும் ஆலோசனையின் முதன்மையான பயன், நேரம், விடுப்பு, பிறர் பார்வை ஆகிய இந்த மூன்று தடைகளையும் அது ஒருசேர விலக்குகிறது என்பதே. ஆனால் அந்தப் பயன் தானாகக் கிடைத்துவிடாது. அழைத்துப் பேசியதால் வேலைக்குப் பாதகம் வராது என்ற உறுதி இல்லாதவரை யாரும் அழைக்க மாட்டார்கள். அந்த உறுதியைத் தரக்கூடிய இடத்தில் இருப்பது சங்கம்தான்.

எந்தச் சேவை, எதற்கு

பணம் செலவழிக்காமல் உடனே தொடங்க விரும்பும் கிளை, 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையிலிருந்து தொடங்கலாம். 14416 என்ற எண்ணுக்கோ 1800-891-4416 என்ற எண்ணுக்கோ நாளின் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் அறிமுகமானது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல வல்லுநரிடம் இணைப்பார் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். இரவு இரண்டு மணிக்கு நடை (பேருந்தின் ஒரு பயணம்) முடிந்து ஓய்வறையில் உறக்கம் வராமல் கிடப்பவருக்கு, அந்நேரத்தில் எடுத்துப் பேச ஒருவர் இருப்பதே பெரிய உதவி.

உதவி எண்ணின் எல்லையையும் உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பல வாரங்கள் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேச வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, சங்கம் தனியாக ஓர் ஆலோசனை அமைப்புடன் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அப்போது ஆலோசகரின் தகுதியைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் காட்டக் கூடாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கே உண்டு. அவரும் 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ நெறிமுறைப்படி எல்லா மருந்துகளையும் நேரில் பார்க்காமல் எழுதித்தந்துவிட முடியாது.

ரகசியத்தை எழுத்தில் வாங்குங்கள்

இந்த ஏற்பாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும் என்பதால், கிளை நிர்வாகிகள் மற்ற எதையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, தன் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில சூழ்நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. சட்டம் இருக்கிறது என்று விட்டுவிடாமல், ஆலோசனை அமைப்புடன் போடும் ஒப்பந்தத்திலேயே இதை விரித்து எழுத வேண்டும். யார் அழைத்தார், என்ன பேசினார் என்பதைக் கழக நிர்வாகத்துக்குச் சொல்லக் கூடாது என்று எழுதுவது போலவே, சங்க நிர்வாகிகளுக்கும் சொல்லக் கூடாது என்று எழுதுங்கள். கிளைச் செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அடுத்த சங்கத் தேர்தலில் எதிரணியில் நிற்கப்போகும் உறுப்பினருக்கு அவர்மீது அந்த நம்பிக்கை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அழைப்பு பதிவு செய்யப்படுகிறதா, பதிவானால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் கேட்க முடியும் என்ற கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கட்டணத்தைச் சங்கம் கட்டுவதானால், ரசீதில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருக்கட்டும். சங்கத்துக்கு வரும் அறிக்கையில் மொத்த எண்ணிக்கையும் பொதுவான காரணங்களும் மட்டும் போதும். சிறிய பணிமனை ஒன்றில் ‘இந்த மாதம் ஒரு பெண் நடத்துநர் அழைத்தார்’ என்று எழுதினால், பெயர் எழுதாமலே பெயர் எழுதியது போலாகிவிடும். எனவே சிறிய கிளைகளின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டாமல் மண்டல அளவில் சேர்த்தே தரச் சொல்லுங்கள்.

ஆலோசனைச் செலவில் பங்கேற்கக் கழக நிர்வாகம் முன்வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆலோசனைக்குப் போனது, போகாதது, அங்கே பேசியது எதையும் சார்ஜ் மெமோவிலோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) உள்விசாரணையிலோ பணிமாற்றத்திலோ பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதே தாளில் இடம்பெற வேண்டும். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது என்பதை நிர்வாகிகள் அறிந்துவைத்திருந்தால், பேச்சுவார்த்தையில் பேச அது வலுத் தரும்.

முதல் அழைப்புக்கு முன்

உறுப்பினர் தன் சொந்த சிம்மிலிருந்து அழைக்க வேண்டும். நிர்வாகம் கொடுத்த இணைப்பு இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஓய்வறையில் பேசுவது சரிவராது. ஒற்றை அறை வீட்டிலும் மனம்விட்டுப் பேச முடியாது. பூங்கா, கோயில் குளக்கரை, தெரிந்தவர் கடையின் பின்கட்டு என எங்கேனும் முக்கால் மணி நேரம் தனித்திருக்க முடிந்தால் போதும். சங்க அலுவலகத்தில் ஓர் அறையை வாரத்தில் சில மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். ஆனால் அதே அறையை வேறு காரணங்களுக்கும் உறுப்பினர்கள் பயன்படுத்தும்படி வைத்தால்தான், உள்ளே போவது அடையாளமாகிவிடாது. முகத்தைக் காட்டிப் பேசத் தயங்குகிறவர் குரல்வழி மட்டும் பேசலாம். இரண்டு நடைகளுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் இந்தப் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். பாதியில் அறுந்த பேச்சின் கனத்தோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது அவருக்கும் பயணிகளுக்கும் நல்லதல்ல.

என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் அழைக்காமல் இருக்கிறார்கள். ‘பத்து நாளாகத் தூக்கம் இல்லை, வீட்டில் எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது’ என்று தொடங்கினால் போதும். மற்றதை ஆலோசகர் கேட்டு வாங்கிக்கொள்வார். டூட்டி முறை, உறக்கம், பசி, குடிப்பழக்கம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓட்டுநராக இருப்பவர், மருந்து எழுதும் மருத்துவரிடம் தாம் பேருந்து ஓட்டுகிறோம் என்பதை முதல் பேச்சிலேயே கட்டாயம் சொல்ல வேண்டும். மனநல மருந்துகளில் சில தூக்கக் கலக்கத்தையும் மந்தத்தையும் உண்டாக்கக்கூடியவை. எந்த மருந்து, எந்த நேரத்தில், எத்தனை நாள் வண்டி ஓட்டாமல் இருக்க வேண்டும் என்பதை அந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்களுக்கு மாற்றுப் பணி பெற்றுத்தருவதில் சங்கம் உறுப்பினருக்குத் துணை நிற்க வேண்டும். அதற்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மருத்துவச் சான்று போதும்.

விபத்துக்குப் பின்

உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் நிலை தனியாகக் கவனிக்க வேண்டியது. ஒருபுறம் குற்ற வழக்கு, மறுபுறம் இடைநீக்கம் என்ற அச்சம் இருக்க, கண்ணை மூடினால் அந்தக் காட்சியே மீண்டும் மீண்டும் வரும். குற்றவுணர்வு ஒருவரை ஊரைவிட்டே விலக்கி வைக்கும். சங்கம் உடனே வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது, ஜாமீனுக்கு ஓடுகிறது. அதே நாளில் ஆலோசகரின் எண்ணையும் அவர் கையில் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். அவர் ஊர் திரும்பி வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் வாரங்களில், தொலைவிலிருந்து வரும் குரல் ஒன்றே அவரைத் தொடர்ந்து எட்டக்கூடியதாக இருக்கும். ஆனால் வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஆலோசகரிடம் சொல்வதற்கு அதே அளவில் இல்லை. எனவே விபத்து நடந்த விதம், வேகம், சிக்னல் போன்ற விவரங்களை வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு, உறக்கமின்மை, பயம், மறுபடி வண்டியில் ஏற முடியுமா என்ற தவிப்பு ஆகியவற்றை ஆலோசகரிடம் பேசுவதே பாதுகாப்பானது. பணிக்குத் திரும்பும் நாளில் முதலில் நெரிசல் குறைந்த தடத்தில் விடும்படி பணிமனை மேலாளரிடம் கேட்பதும் சங்கத்தின் வேலைதான்.

தொலைபேசி போதாத இடங்கள்

பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வியர்வையும் மட்டுமின்றி வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. டூட்டிக்கு முன் ஊதிப் பார்க்கும் சோதனையில் சிக்கிய அவமானத்தில் ‘இன்றோடு விட்டேன்’ என்று சொல்லும் உறுப்பினரை, நிர்வாகிகள் பாராட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தச் செய்ய வேண்டும். அதன் பிறகு மீண்டும் குடிக்காமல் இருப்பதற்குத் தொலைபேசிவழிப் பேச்சு நன்றாகவே உதவும்.

உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் ஒருவர் உடனிருக்க வேண்டும். மற்றொருவர் 14416-ஐயோ, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050 என்ற எண்ணையோ அழைக்கலாம். ஏற்கெனவே முயன்றிருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது.

வாயிற்கூட்டத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும்

ஏற்பாடு முடிந்ததும் பணிமனை வாயிலில் நடத்தும் வாயிற்கூட்டத்தில் எண்ணை அறிவித்து, உறுப்பினர் அட்டையின் பின்புறத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். சுவரொட்டி மட்டும் ஒட்டினால், அதன் அருகில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். மனைவி, கணவர், பிள்ளைகளும் அழைக்கலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் மாற்றத்தை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மொத்த அறிக்கையில், தொடர் டூட்டியால் உறக்கம் கெட்டது, டீசலைச் சிக்கனமாகச் செலவழிக்கவில்லை என்று வந்த மெமோ, பயணிகள் கைநீட்டி அடித்தது ஆகியவையே திரும்பத் திரும்ப வருமானால், ஆலோசகரால் அவற்றைத் தீர்க்க முடியாது. அவற்றைப் பணிநேரம், ஓய்வறை, பாதுகாப்பு பற்றிய கோரிக்கைகளாக எழுதி அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்கான பட்டியலில் சேர்க்க வேண்டும். உறுப்பினர் பெயர் எதுவும் இல்லாத அந்த மொத்தக் கணக்கையே ஆதாரமாக இணைக்கலாம்.