பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு ஒரு முழு நாள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வரும் நம் உறவினர்களில் பெரும்பாலோர் முக்கடல் சங்கமத்தையும் விவேகானந்தர் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையோரத்தில், கோதையாற்றின் குறுக்கே அமைந்த பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும்படி ஒரு முழு நாளை ஒதுக்குங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

எப்போது வருவது என்பதை வயல்தான் தீர்மானிக்கிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காகத் திறக்கப்படும் தண்ணீர், கும்பப்பூ என்னும் இரண்டாம் போகம் முடியும் பிப்ரவரி இறுதி வரை வாய்க்கால்களில் ஓடும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வருவோர் வற்றிய கரையையே அதிகம் காண நேரிடும். இரண்டு பருவமழையும் பெய்து ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியில் நிறைந்த நீரும், மேகம் விலகிய மலையும் ஒருசேரக் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றால் அதுவும் நல்ல காலமே. குடையும், காட்டுப்பாதையில் ஏறும் அட்டைக்காகக் கொஞ்சம் உப்பும் கையில் இருக்கட்டும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. நீர்மட்டம் 42 அடியை எட்டும்போது கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுப்பது வழக்கம் என்பதால், மழைக்காலத்தில் புறப்படும் அன்று காலை நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அருகிலுள்ள விமான நிலையம் திருவனந்தபுரம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு என்றாலும், முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் வாடகைக் காரே நல்லது. குலசேகரத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கிவிடும். அதிகாலையில் சென்றால், மரப்பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே வெள்ளைப் பால் இறங்கி, கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

1897 முதல் 1906 வரை, திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் கட்டப்பட்ட அணை இது. கட்டிய பொறியாளர் மிஞ்சினை நம் மக்கள் மூக்கன் துரை என்று அழைத்தார்கள். அவருடைய சமாதி அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள், ஏனெனில் நாஞ்சில் நாட்டு வயல்களில் விளைந்த நெல்லுக்கு இந்தத் தண்ணீரும் காரணம்.

நீரில் இறங்க வேண்டாம் என்பதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். நீர்மட்டம் குறைந்த நாட்களில் கரை வெடித்துக் காய்ந்த தரைபோலத் தெரியும். ஆனால் மேலே இருப்பது வெறும் பொருக்குதான். கனடாவிலிருந்து வந்த என் அண்ணன் மகன் அப்படி நம்பி ஓடி, பத்தடி தூரத்தில் முழங்கால்வரை சேற்றில் புதைந்துவிட்டான். இரண்டு பேர் படுத்துக் கைகொடுத்துத்தான் அவனை வெளியே இழுத்தோம். குளிக்க ஆசைப்படுவோர் திற்பரப்பு அருவிக்குச் செல்லலாம். அங்கே அருவிக்கு மேற்பகுதியில் படகுச் சவாரியும், கரையில் மகாதேவர் கோயிலும் உண்டு. ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பார்கள்.

சுற்றியுள்ள காடு வன உயிரினச் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதியின்றி உள்ளே செல்லக் கூடாது. அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குள் கேமராவுடன் நுழைவதும் முறையல்ல. விடுதியில் தங்குவோர் கடவுச்சீட்டையும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டையையும் தவறாமல் கொண்டுவர வேண்டும்.

மதியத்துக்குக் குலசேகரத்தில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்தபின் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் செல்லுங்கள். 1966இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம் 115 அடி உயரத்தில் வாய்க்காலையே பறளியாற்றுக்கு மேலே தூக்கிக் கொண்டுபோகிறது. பாலத்தின் நடைபாதையில், தொட்டியில் ஓடும் தண்ணீரின் பக்கத்திலேயே மறுகரை வரை நடந்து வரலாம். குழந்தையின் கையை மட்டும் விடாதீர்கள்.