ஆப்ட் அப்டேட் பாதியில நின்னுபோச்சா? லாக் (பூட்டு) ஃபைல்ல கை வைக்காதீங்க

உபுண்டு, டெபியன், மின்ட்னு எந்த லினக்ஸா இருந்தாலும் சரி, ஆப்ட்ங்கற சாஃப்ட்வேர் ஏத்தற கருவியோட அப்டேட் நகரலன்னு தேடுனா முதல்ல கண்ணுல படற பதில் "லாக் ஃபைல ஆர்எம் போட்டு அழிச்சிடுங்க"ங்கறதுதான். தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஒரு நேரத்துல ஒரு அப்டேட்தான் ஓடணும்னு இருக்கற அந்த ஃபைல் அப்டேட் ஓடாத நேரத்துலயும் அங்கேயேதான் கெடக்கும், உண்மையான பூட்டு கெர்னல்கிட்ட (சிஸ்டத்தோட மையப் பகுதி) இருக்கு, பிடிச்சு வச்சிருக்கற ப்ராசஸ் (ஓடிக்கிட்டிருக்கற புரோகிராம்) செத்தா தானா விட்டுரும். ஃபைல அழிச்சீங்கன்னா ரெண்டாவதா வர்ற டிபிகேஜி (பேக்கேஜ, அதாவது சாஃப்ட்வேர் பொட்டலத்த, இன்ஸ்டால் பண்ற புரோகிராம்) புதுசா ஒரு ஃபைல் உண்டாக்கி அதுல பூட்டு போட்டுக்கிட்டு உள்ள வந்துரும், அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஒரே டேட்டாபேஸ்ல எழுதும். ஒரு தடவ நானே இத பண்ணிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து சரி பண்ணிருக்கேன்.

(கமாண்ட எல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், டெர்மினல்ல வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்துலயே அடிச்சுக்கங்க.)

முதல்ல திரையில கடைசி வரி என்னன்னு படிங்க. கேஷ் லாக்குக்காக வெயிட் பண்றேன்னு சொன்னா, பூட்ட வச்சிருக்கற ப்ராசஸ் நம்பரும் பேரும் அதே வரியிலயே இருக்கும். முக்காவாசி நேரம் அது அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்தான், மெஷின் பூட் ஆனதும் பின்னாடி செக்யூரிட்டி அப்டேட் போட்டுக்கிட்டு இருக்கும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிருக்கும்.

சைபர் பர்சென்ட்ல கனெக்டிங்னு போட்டு அப்படியே நிக்குதா, அது டவுன்லோட் பிரச்சனை. இந்தக் கட்டத்துல கண்ட்ரோல் சி அடிச்சா ஒண்ணும் ஆகாது, பாதி இறங்குனது பார்ஷியல் ஃபோல்டர்ல இருக்கும். பிரவுசர் நல்லா ஓடுது ஆப்ட் மட்டும் தொங்குதுன்னா ஐபிவி6 (புது வகை இன்டர்நெட் முகவரி) மேல சந்தேகப்படுங்க, ஹைஃபன் ஓ போட்டு அக்கொயர், ரெண்டு கோலன், ஃபோர்ஸ்ஐபிவி4 ஈக்வல் ட்ரூன்னு சேத்து ஆப்ட் அப்டேட் ஓட்டிப் பாருங்க. அதுல ஓடுச்சுன்னா காரணம் கெடச்சாச்சு. ரிலீஸ் ஃபைல் (சர்வர்ல இருக்கற பேக்கேஜ் பட்டியலோட சான்று) இன்னும் செல்லுபடி ஆகலன்னு திட்டுனா மெஷின் கடிகாரம் பின்தங்கியிருக்கு, டைம சரி பண்ணுங்க.

அன்பேக்கிங், செட்டிங் அப்னு வந்த பிறகு நின்னா மட்டும் கொஞ்சம் நிதானம், இங்க கண்ட்ரோல் சி ஆபத்து. பழைய டிஸ்க்ல இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகறப்ப முதல்ல ஏறற சின்ன ஃபைல் சிஸ்டம்) உண்டாக்கறதுக்கே நிமிஷக்கணக்குல ஆகும், கிராஃபிக்ஸ் டிரைவர டிகேஎம்எஸ் (கெர்னலுக்கு ஏத்த மாதிரி டிரைவர உண்டாக்கற கருவி) கம்பைல் பண்ணா இன்னும் இழுக்கும், டாப்ங்கற கமாண்ட ஓட்டிப் பாத்தா சிபியு ஓடுதா இல்ல சும்மா கெடக்கான்னு தெரிஞ்சிரும். சும்மா கெடந்தா பெரும்பாலும் அது உங்க பதிலுக்குத்தான் காத்திருக்கு: கான்ஃபிக் ஃபைல மாத்திருக்கீங்க, பழசு வேணுமா புதுசு வேணுமான்னு கேட்டிருக்கும், டெர்மினல் இல்லாம கிராஃபிக்கல் ஜன்னல்ல ஓட்டுனா அந்தக் கேள்வி டீடெய்ல்ஸ்க்குள்ள ஒளிஞ்சிருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

கேள்வியும் இல்லன்னா வேறொரு டெர்மினல்ல பிஎஸ் ஏஎக்ஸ்எஃப் அடிங்க. மரம் மாதிரி காட்டும், டிபிகேஜிக்குக் கீழ போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் (இன்ஸ்டாலுக்கு அப்புறம் ஓடறது), அதுக்கும் கீழ ஒரு சிஸ்டம்சிடிஎல் (சர்வீஸ ஆரம்பிக்கற கமாண்ட்) ஏதோ சர்வீஸ் எந்திரிக்கட்டும்னு தொங்கிக்கிட்டிருக்கும். கில் பண்றதுன்னா அந்தக் கடைசிக் குழந்தைய மட்டும் பண்ணுங்க, கட்டாயமா கொல்ற ஹைஃபன் 9 இல்லாம. டிபிகேஜி அந்த ஒரு பேக்கேஜ ஃபெயில்னு குறிச்சுக்கிட்டு ஒழுங்கா வெளிய வரும். அப்புறம் சூடோ டிபிகேஜி, ரெண்டு ஹைஃபன் கான்ஃபிகர், ஹைஃபன் ஏ. அதுக்கப்புறம் ஆப்ட் இன்ஸ்டால், ஹைஃபன் எஃப். கரண்ட் போயி நடுவுல அணைஞ்ச மெஷினுக்கும் இதே ரெண்டுதான்.

எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருக்கற மெஷின்ல நெட் வழியா) வேலை பாக்கறவங்க டிமக்ஸ்குள்ள (லைன் போனாலும் ஓடிக்கிட்டே இருக்கற டெர்மினல்) ஓட்டுங்க, லைன் அறுந்தாலும் அப்டேட் சாகாது.

இடம் இல்லாமலும் நிக்கும். டிஎஃப் ஹைஃபன் ஹெச் போட்டா பூட் பார்ட்டிஷன் நூறு பர்சென்ட்னு சிரிக்கும், பழைய கெர்னல் எல்லாம் அங்கதான் குவிஞ்சிருக்கும். ஆப்ட் ஆட்டோரிமூவ் போதும், ஆனா யுநேம் ஹைஃபன் ஆர் காட்டற இப்ப ஓடற கெர்னல கையால தூக்கிராதீங்க. இடம் இருந்தும் இடம் இல்லன்னு சொன்னா டிஎஃப் ஹைஃபன் ஐ போட்டுப் பாருங்க, ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணுங்கற பதிவு) தீந்திருக்கும்.

கெப்ட் பேக்னு (நிறுத்தி வச்சதுன்னு) சில பேக்கேஜ் நிக்கறது பெரும்பாலும் கோளாறு இல்ல. உபுண்டு சில அப்டேட்ட எல்லாருக்கும் ஒரே நாள்ல விடாம படிப்படியா விடறாங்க, உங்க முறை வரும்போது தானா ஏறிரும். எதுலயும் அடங்கலன்னா வார், லாக் (இது பூட்டு இல்ல, எல் ஓ ஜி, பதிவு), ஆப்ட் ஃபோல்டர்ல டெர்ம் டாட் லாக் இருக்கு, அதோட கடைசி அம்பது வரிய எடுத்துக்கிட்டு உதவி கேளுங்க, வெறுமனே "அப்டேட் ஆகல"ன்னு கேட்டா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.