நித்திரை வராவிட்டால் பாயை விட்டு எழும்புங்கள்

2009இல் யுத்தம் முடிந்த பிறகு பல வருடங்கள் எனக்கு இரவு இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடும். முள்ளியவளையில் கல்வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அப்படித்தான். காலபோக அறுவடை நேரம் வயற்பக்கம் யானையை விரட்டப் போடும் யானைவெடி கேட்டால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அப்புறம் விடியும்வரை பாயில் புரண்டுகொண்டே கிடப்பேன். அந்தக் கிடைதான் என்னைக் கெடுத்தது. முழித்தபடி கிடந்து கிடந்து, பாயைக் கண்டாலே மனம் முழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது.

இப்போது இருபது நிமிடம் மட்டில் நித்திரை வராவிட்டால் எழும்பிவிடுவேன். மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். விறாந்தையில் சின்ன வெளிச்சத்தில் இருந்து பனையோலைப் பெட்டி இழைப்பேன். சார்வோலையைப் பின்னேரமே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவேன், காய்ந்தால் வெடித்துப்போகும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விரல் தன்பாட்டில் போகும். கண் சொருகும்போதுதான் திரும்பப் பாய்க்குப் போவேன். சில இரவு மூன்று தடவை எழும்பியிருக்கிறேன். முதல் இரண்டு கிழமை கஷ்டம்தான், விட்டுவிடாதீர்கள்.

எத்தனை மணிக்கு நித்திரையானாலும் காலை ஐந்துக்கு எழும்புங்கள். இரவு போனதைப் பகலில் பிடிக்கப் பார்த்தால் அடுத்த இரவும் போய்விடும். மத்தியானம் அரைமணித்தியாலம் போதும்.

தேத்தண்ணியை இரண்டு மணியோடு நிறுத்தினேன். அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் போல எடுக்கும். செத்தவீட்டில் தந்தால் மறுப்பது சங்கடம், அதனால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவேன். வீட்டில் மல்லித்தண்ணிதான். சாராயம் குடித்தால் நித்திரை வரும் என்று சொல்லும் ஆண்களுக்கும் சொல்கிறேன்: வரும், ஆனால் பின்சாமத்தில் அதுவே முழிக்க வைக்கும். போனைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

கிழமையில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாக இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கெட்ட கனவு வந்து அலறி எழும்புகிறவர்கள் அவ்வளவு நாள் பொறுக்கவே வேண்டாம். அங்கே போவதில் வெட்கம் இல்லை, நானும் போனேன். பக்கத்து வீட்டார் தரும் நித்திரைக் குளிசையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். போகமுன் இரண்டு கிழமைக்கு, எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது முழித்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். டொக்டர் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.