விஎல்சியை வைத்துக் கற்போம்: இணையத்திலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவுவது எப்படி?

அக்கா வீட்டு மடிக்கணினியில் கல்யாண வீடியோ ஓடவில்லை. அத்தான், வீடியோக்களை ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியைத் தேடி, தேடுபொறியில் 'விஎல்சி டவுன்லோட்' என்று அடித்து, முதலில் வந்த இணைப்பையே சொடுக்கியிருக்கிறார். வீடியோ ஓடியது. ஆனால் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போனது, திரையின் மூலையில் விளம்பரங்கள் எட்டிப்பார்த்தன, கேட்டிராத பெயரில் இரண்டு மென்பொருள்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. அதையெல்லாம் நீக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. அத்தான் இன்ஸ்டால் செய்த விதத்தில் பெரிய தவறு எதுவும் இல்லை. எங்கிருந்து எடுத்தார் என்பதில்தான் சிக்கல். அதனால் இன்ஸ்டால் பொத்தானைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

சொந்த வீட்டைக் கண்டுபிடியுங்கள்

எந்த மென்பொருளுக்கும் அதை உருவாக்கியவர்களின் தளம் ஒன்று இருக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஎல்சி, 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. 2001இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. இப்போது அதைப் பராமரிப்பது வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. தளத்தின் முகவரி, வீடியோலேன் டாட் ஆர்க்.

இந்த உரிமத்தின்படி விஎல்சியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பகிரலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டே சிலர் கூடவே வேறு எதையாவது கட்டி, தங்கள் தளத்தில் கொடுக்கிறார்கள். அத்தானுக்குக் கிடைத்தது அப்படி ஒன்று.

தேடல் முடிவுகளில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். அருகிலேயே 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி வாருங்கள். இணைப்பைச் சொடுக்கிய பிறகு, பிரவுசரின் முகவரிப் பட்டையை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பெயருக்கு முன்னும் பின்னும் 'ஃப்ரீ', 'டவுன்லோட்' என்று ஒட்டியிருந்தால் அது சொந்த வீடு இல்லை என்று சந்தேகப்படுங்கள். பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். இடையில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். மோசடித் தளங்களும் அதை எளிதாகப் பெற்றுவிடுகின்றன.

இன்னொரு பொறி, ஒரே பக்கத்தில் நாலைந்து 'டவுன்லோட்' பொத்தான்கள். பெரிதாக, பச்சையாக மின்னுவது பெரும்பாலும் விளம்பரம். வீடியோலேன் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இறக்குவது

முகப்பிலேயே உள்ள டவுன்லோட் பொத்தானை அழுத்துங்கள். சில நொடிகளில் தானாக இறங்கத் தொடங்கும். கோப்பு வேறொரு முகவரியிலிருந்து வருவதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரே சர்வரில் கூட்டம் சேராமல் இருக்க, பல நாடுகளில் உள்ள நகல் சர்வர்களிலிருந்து கொடுக்கிறார்கள். நீங்கள் புறப்பட்ட பக்கம் சரியானதா என்பதே முக்கியம்.

முடிந்ததும் கன்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால், இறங்கிய கோப்புகளின் பட்டியல் வரும். கோப்பின் அளவைப் பாருங்கள். விஎல்சி சுமார் 40 எம்பி இருக்கும். ஒன்றிரண்டு எம்பி மட்டும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். குரோம் போன்ற சிலவற்றின் சொந்தக் கோப்பே சிறியதுதான். அது திறந்தபின் மீதியை இறக்கிக்கொள்ளும். ஆனால் விஎல்சிக்கு அப்படியில்லை.

அடுத்து, கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து 'ப்ராபர்டீஸ்' போய், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். வீடியோலேன் என்ற பெயர் இருக்க வேண்டும். கடையில் மருந்து வாங்கும்போது அட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

இன்ஸ்டால்

கோப்பை இரட்டைச் சொடுக்குங்கள். திரை மங்கி, இந்தச் செயலி கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். எல்லோரும் படிக்காமல் 'யெஸ்' அழுத்தும் இடம் இது. தயவுசெய்து இங்கே ஐந்து நொடி நில்லுங்கள். 'வெரிஃபைட் பப்ளிஷர்' என்று போட்டு வீடியோலேன் பெயர் இருந்தால் 'யெஸ்'. பெட்டி மஞ்சளாக வந்து, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்றால் 'நோ'. நீங்கள் சம்மதித்த பிறகு அந்த நிரல் கணினியில் ஏறக்குறைய எதையும் செய்யலாம்.

அப்புறம் எல்லாம் சுலபம். மொழியைத் தேர்ந்து 'ஓகே', பிறகு 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', கடைசியில் 'இன்ஸ்டால்', 'ஃபினிஷ்'. எங்கே நிறுவவேண்டும் என்று கேட்கும்போது சி டிரைவில் அது காட்டும் இடமே போதும். முதல்முறை திறக்கும்போது ஒரு பெட்டியில் இரண்டு தேர்வுகள் வரும். பாடல், படத்தின் விவரங்களை இணையத்திலிருந்து எடுக்கலாமா என்பது ஒன்று. அது உங்கள் விருப்பம். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என்பது மற்றது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வேறு மென்பொருள்களில் இந்த 'நெக்ஸ்ட்' பாதையிலேயே ஆபத்து இருக்கும். டூல்பார், ஆன்டிவைரஸ் என்று எதையாவது முன்கூட்டியே டிக் செய்து வைத்திருப்பார்கள். 'கஸ்டம்' என்ற தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். டிக்குகள் அங்கேதான் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விலைக்கு விற்கும் மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது பூட்டை உடைத்துக் காசில்லாமல் கொடுக்கும் திருட்டுப் பதிப்பை இறக்கினால், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். அப்படிச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே கணினியில்தான்.

தவறாக நிறுவிவிட்டால்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போங்கள். 10இல் அதற்கு ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்று பெயர். பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால் அன்றைக்கு வந்தவை மேலே நிற்கும்; வேண்டாததை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'ஃபுல் ஸ்கேன்' ஓடவிடுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

நிறுவி முடித்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உள்ள அந்த 40 எம்பி கோப்பை அழித்துவிடலாம். அது இல்லாமலேயே விஎல்சி ஓடும். பின்னொரு நாள் ஏதோ இணையப் பக்கத்தில் 'உங்கள் விஎல்சி பழசாகிவிட்டது, இங்கே சொடுக்குங்கள்' என்று வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். விஎல்சியையே திறந்து, 'ஹெல்ப்' மெனுவில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்திப் பாருங்கள்.