டெங்குக் காய்ச்சலும் சாப்பாடும்: கொழும்பு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெங்கு என்று ரிப்போர்ட் வந்தவுடன் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பப்பாசி இலை தேடி ஆட்கள் அலைவது வழமையாகிவிட்டது. பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஏறினால் ஆள் தப்பிவிடுவார் என்ற கணக்குத்தான் இதற்கு அடிப்படை. அந்தக் கணக்கே பிழை. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒழுகி, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். 2013இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், இலைச்சாறு குடித்தவர்களின் பிளேட்லட் வேகமாக ஏறியது உண்மைதான். ஆனால் கசிவோ மரணமோ குறையும் என்று அது நிறுவவில்லை. சுகமாகும் கட்டத்தில் பிளேட்லட் தானாகவே ஏறும். கசப்புச் சாறு வாந்தியைக் கிளப்பினால், அதுவரை குடித்த நீராகாரமும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதே பெரிய கவலை.

“நிறையத் தண்ணி குடியுங்கோ” என்று பொதுவாகச் சொல்லிவிடுவது அடுத்த தவறு. வளர்ந்தவர்களுக்கான இலங்கையின் டெங்கு சிகிச்சை வழிகாட்டலில் அளவு தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் கட்டத்தில், 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 24 மணித்தியாலத்தில் சுமார் 2,500 மில்லிலீற்றர். அதற்குக் குறைந்த நிறையுள்ளவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரைக் கிளாஸ் என்று வரும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டொக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் உடம்பில் உப்பு குறையும். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்), தம்பிலி, கஞ்சி, சூப், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஜீவனிப் பக்கற்றைப் பாதி பாதியாகக் கிளாசில் போடாதீர்கள். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். தம்பிலியில் பொட்டாசியம் அதிகம், ஆகவே சிறுநீரக நோயாளி டொக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். நேரம், குடித்தது எவ்வளவு, சிறுநீர் எத்தனை மணிக்குப் போனது என்று மூன்று நிரல் போதும். டொக்டருக்கு இந்தத் தாள் மிகவும் உதவும்.

நிறத்தைக் கவனிக்காமல் விடுவதும் ஆபத்து. பீட்ரூட் சாறு, வத்தகப்பழம், பலூடா, மைலோ, சொக்லட் எல்லாவற்றையும் முழுதாகச் சுகமாகும்வரை நிறுத்துங்கள். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வாந்தி சிவப்பாகவோ கோப்பித்தூள் நிறமாகவோ வரும். பீட்ரூட் குடித்தவர் வாந்தி எடுத்தால், அது சாறா இரத்தமா என்று வார்ட்டில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு கேட்கிறார், இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் பல வீடுகளில் நிலைமை கை மீறுகிறது. கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். மூன்றாம் நாளுக்குள் எப்.பி.சி. (முழு இரத்தப் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். பிளேட்லட் 100,000க்குக் கீழே போனாலோ, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கைகால் குளிர்தல், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தக் கட்டத்தில் நீர் கூடினாலும் கேடு. கூடுதலாகக் குடித்தது நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சை அடைக்கும். வார்ட்டில் மில்லிலீற்றர் கணக்கில் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பார்க்க வந்தவர்கள் அன்பில் ஊட்டிவிடும் இரண்டு கிளாஸ் சூப் அந்தக் கணக்கையே குழப்பிவிடும். கொண்டுபோன எதையும் முதலில் தாதியிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நிறைக்கேற்ற அளவில். ஐபுபுரோபன், டைக்ளோபெனக், மெபெனமிக் அசிட் ஆகிய வலி மருந்துகள் வேண்டவே வேண்டாம்.

உள்ளியும் விற்றமின் பி-யும் சாப்பிட்டால் நுளம்பு அண்டாது என்பது ஆய்வுகளில் நிற்கவில்லை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரும்புச்சத்துக் குறைந்த இரத்தத்தைக் குடித்த நுளம்புகளில் டெங்கு வைரஸ் கூடுதலாகத் தொற்றியதாகக் காட்டியது. இதைப் படித்துவிட்டு டெங்கு வராமலிருக்க இரும்புக் குளிசை வாங்குவது தவறான வாசிப்பு. அது நுளம்புக்குத் தொற்றுவதைப் பற்றியது. நமக்குத் தொற்றுவதைப் பற்றியதல்ல.

சாப்பாட்டு மிச்சம்தான் நுளம்புக்கு நேரடியாக உதவுகிறது. குடித்து எறிந்த தம்பிலிக் கோம்பை, யோகட் கப், தயிர்ச் சட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டு ஆகியவற்றில் ஒரு கரண்டி நீர் இருந்தாலே போதும். முட்டை ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் காணாது: முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கிழமைக்கு ஒருமுறை உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.