டவுன் பஸ்ஸைக் கணக்கு காட்டிக் கேட்பது எப்படி

என் தையல் கடை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மிஷினில் உட்கார்ந்தால் ரோடுதான் கண்ணில் படும். இரண்டு வருடத்துக்கு முன்னால் காலை 7.50 டவுன் பஸ் அடிக்கடி வராமல் போனது. கல்லூரிப் பிள்ளைகள், மில்லுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டிகள் எல்லோரும் புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் நாலு ஸ்கூட்டி தவணையில் வந்து இறங்கியது. பஸ்ஸுக்கென்று அரசு ஒதுக்கும் பணம், 7.50 மணிக்கு ஒரு பஸ்ஸாக எங்கள் ஊரில் வந்து நின்றால்தான் ரோட்டில் புகையும் குறையும், பெண்கள் கையில் காசும் தங்கும். அதைக் கேட்டு வாங்கிய வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு. நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்: தேதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், ஏறியவர்கள், இடமில்லாமல் நின்றுவிட்டவர்கள். பஸ் வராத நாளில் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ‘வரவில்லை’ என்றே எழுதுங்கள். வெறும் கட்டத்தைக் காட்டினால், அன்றைக்கு நீங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நான் அளவெடுக்க உள்ளே போயிருந்தால் டீக்கடை அண்ணன் பார்த்துச் சொல்வார். 30 நாளில் 11 நாள் பஸ் வரவில்லை.

அடுத்தது அரசின் கணக்கு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தைக் கேட்பது, வரும்போது போக்குவரத்துத் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு கொடுக்கும். தமிழிலேயே இருக்கும், தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் கிடைக்கும். அதையும் நிதிநிலை அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2025-26இல் 3,000 புதிய பஸ்களுக்கு 1,031 கோடி என்று அறிவித்தார்கள். இதைப் படித்ததும் கேட்கவேண்டிய கேள்வி: கழித்துக்கட்டும் பழைய வண்டிக்குப் பதிலா, கூடுதலா? பழசுக்குப் பதிலாக வரும் பஸ்ஸால் நடை, அதாவது பஸ் போய்வரும் தடவை, அதிகமாகாது.

அதே அறிக்கையில் மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி இருக்கிறது. நாம் சீட்டுக்குக் காசு கொடுக்காததை ஈடுகட்ட அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கும் பணம் அது. இதை ஓசிப் பயணம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அப்புறம், கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் காசில்லாத சீட்டுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நாம் ஏறினோம் என்பது அந்தச் சீட்டில்தான் பதிவாகிறது.

இனி தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். ‘ஏன் பஸ் வரவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்கு உருப்படியான பதில் வராது. நான் கேட்டது இப்படி: “இந்தத் தடத்துக்கு அனுமதித்த நடைகள் எத்தனை? கடந்த 3 மாதத்தில் தேதிவாரியாக இயக்கியவை, ரத்தானவை எவை? ரத்துக்குக் காரணம் எழுதிய பதிவேட்டின் நகல் தருக.” 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

எனக்கு 26ஆம் நாள் பதில் வந்தது. நான் எழுதிய 11 நாளில் 9 நாள் அவர்கள் பதிவேட்டிலேயே ரத்து. காரணம் என்ற இடத்தில் வரிசையாக ஒரே வார்த்தை: ஓட்டுநர் இல்லை. அதுவரை புது பஸ் கேட்டு மனு எழுதவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் இருக்கிறது, ஓட்ட ஆள்தான் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கையெழுத்து வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தப்பான பொருளைக் கேட்டு அலைவீர்கள்.

சென்னையில் இருப்பவர்கள் மின்சார பஸ்ஸுக்கு வேறு மாதிரிக் கேட்கவேண்டும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அங்கே வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்துடையது, நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். அந்த நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குத்தான் பணம். அதனால் உங்கள் தடத்தில் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேளுங்கள்.

மனுவை எங்கே கொடுப்பது? கிராமமாக இருந்தால் முதலில் கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15 மாதிரியான நாட்களில் கூடும்போது தீர்மானமாக எழுதவையுங்கள். அந்த நகல், நோட்டுப் பக்கங்கள், தகவல் பதில் மூன்றையும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். நாங்கள் ஆறு பெண்கள் போனோம். “7.50 நடைக்கு நிரந்தரமாக ஓட்டுநர் ஒதுக்க வேண்டும்” என்று ஒரே வரிதான் கேட்டோம்.

ஏழு வாரம் ஆனது. இப்போது 7.50 வருகிறது. டவுனிலிருந்து திரும்பும் இரவு 8.40 நடை இன்னும் சரியாகவில்லை. அதற்குத் தனி நோட்டு போட்டிருக்கிறோம். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி எழுதுகிறாள், அந்த பஸ்ஸில்தான் அவள் வீடு திரும்பவேண்டும்.